எரிமலையின் வாயருகே எவ்வளவு நேரம் நிற்கலாம்?

கேள்வி: நானும் மனைவியும் 13 வயது மகளும் அடுத்த மாதம் இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவுக்குப் போகிறோம். புரோமோ, இஜென் என இரண்டு எரிமலைகளையும் பார்ப்பதாகத் திட்டம். இஜெனில் நீல நெருப்பைப் பார்க்க வேண்டுமென்றால் இரவிலேயே ஏறி, எரிமலை வாய்க்குள் இறங்க வேண்டுமாம். மனைவிக்கு இலேசான ஆஸ்துமா உண்டு, இன்ஹேலர் கையில் இருக்கும். "இரண்டாம் நிலை எச்சரிக்கைதான், தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் போய் வருகிறார்கள், மாஸ்க் நாங்களே தருவோம்" என்கிறார் பயண ஏற்பாட்டாளர். இதை நம்பலாமா? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? நாங்கள் அங்கே நிற்கும்போது வெடித்தால் என்ன செய்வது? செந்நிறக் குழம்பு ஓடுவதையும் பார்க்க ஆசை. அதற்கு எங்கே போகலாம்?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவி இஜென் எரிமலை வாய்க்குள் இறங்கக் கூடாது. நல்ல மாஸ்க் இருந்தாலும் கூடாது. மகளும் இறங்க வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். மேலே விளிம்பு வரை வருவதைக்கூட அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். புரோமோவை எதிரே உள்ள பெனஞ்சாகான் மேட்டிலிருந்து மூவரும் தாராளமாகப் பாருங்கள். படியேறி அதன் வாயை எட்டிப் பார்ப்பது அந்த வாரத்து அறிவிப்பைப் பொறுத்தது.

உங்கள் ஏற்பாட்டாளர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் "தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள்" என்பது நேற்று வரைக்கும் நடந்ததைப் பற்றிய தகவல் மட்டுமே. ஜப்பானின் ஒன்டாகே மலையில் 2014 செப்டம்பர் 27 ஒரு சனிக்கிழமை. இலையுதிர்காலத்து நிறங்களைக் காண நிறையப் பேர் ஏறியிருந்தார்கள். ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை அளவில் மலை அன்று முதல் படியில் இருந்தது. அந்தப் படிக்கு அப்போது வைத்திருந்த பெயரே 'இயல்பு நிலை'. காலை 11:52-க்கு மலை வெடித்தது. 58 பேர் இறந்தார்கள், மேலும் 5 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு 2019 டிசம்பர் 9 அன்று வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள். அங்கே எச்சரிக்கை இரண்டாம் நிலையில் இருந்தது, அதுவும் மூன்று வாரத்துக்கு முன்புதான் ஒன்றிலிருந்து உயர்த்தியிருந்தார்கள். சுமாத்ராவின் மராப்பி 2023 டிசம்பர் 3 அன்று வெடித்தபோதும் இரண்டாம் நிலைதான். மலையேறிகளில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உச்சியிலிருந்து 3 கி.மீ. தொலைவுக்குள் போக வேண்டாம் என்று எரிமலை ஆய்வு மையம் அறிவித்திருந்தும் ஏற அனுமதி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடலாம். ஆழத்திலிருந்து மாக்மா (உருகிய பாறைக் குழம்பு) மேலேறி வரும்போது பாறைகளை உடைத்துக்கொண்டு வருகிறது. நிலம் நடுங்கும், மலை உப்பும், வாயுவின் அளவு மாறும். கருவிகள் இதை நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் முன்கூட்டியே காட்டிவிடும். நீராவி வெடிப்பு வேறு வகை. எரிமலை வாய்க்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழத்தில் சூடான பாறையை ஒட்டி நீர் தேங்கியிருக்கிறது. கந்தகமும் களிமண்ணும் மற்ற தாதுக்களும் படிந்து மேலுள்ள விரிசல்களை அடைத்துவிட, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் மூடி பிளந்தால் அந்த நீர் கண நேரத்தில் நீராவியாகிப் பல நூறு மடங்கு விரிந்து, மேலே கிடக்கும் பாறைகளை வானத்துக்கு அள்ளி வீசிவிடும். புதிதாக மாக்மா எதுவும் வரத் தேவையில்லை. ஒன்டாகேயில் தெளிவான நில அதிர்வு தொடங்கியது வெடிப்புக்கு ஏறத்தாழ 11 நிமிடம் முன்னால்தான். உச்சியில் நிற்பவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, அவர் இறங்கித் தப்ப அந்த நேரம் போதாது.

எரிமலை வாயில் ஏரி உள்ள மலைகளிலும், நீராவித் துளைகள் சீறும் மலைகளிலும் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. இஜென் அப்படிப்பட்ட மலை.

எச்சரிக்கை நிலையின் எண்ணை விட அதன் கீழே எழுதியிருக்கும் வாக்கியம்தான் உங்களுக்கு முக்கியம். எண், கருவிகள் இப்போது காட்டுவதன் சுருக்கம். வாக்கியம், எத்தனை மீட்டருக்குள் போகக் கூடாது என்று சொல்லும். இந்தோனேசியாவில் நான்கு நிலைகள்: நார்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். அவர்களுடைய எரிமலை ஆய்வு மையம் 'மக்மா இந்தோனேசியா' என்ற தளத்திலும் செயலியிலும் ஒவ்வொரு மலைக்கும் அறிக்கை வெளியிடுகிறது. புரோமோ இரண்டாம் நிலையில் இருந்த காலங்களில் வாயிலிருந்து 1 கி.மீ.க்குள் நுழைய வேண்டாம் என்றே அறிவிப்பு இருந்திருக்கிறது. விளிம்புக்குப் போகும் படிக்கட்டு முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. படிக்கட்டில் கூட்டம் இருப்பதைப் பார்த்து அறிவிப்பு தளர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2004 ஜூனில் புரோமோ திடீரென வெடித்தபோது அங்கிருந்த இருவர் இறந்தார்கள்.

வேறு நாட்டுக்குப் போனால் அளவுகோலும் மாறும். ஜப்பானில் 1 முதல் 5 வரை, நியூசிலாந்தில் 0 முதல் 5 வரை, அமெரிக்காவில் எண்களே இல்லாமல் சொற்களும் நிறங்களும். ஓரிடத்து 'இரண்டு' இன்னோரிடத்து 'இரண்டு' ஆகாது. நிறக்குறியீடு பெரும்பாலும் விமானங்களுக்கானது. தரையில் நடப்பவருக்காக எழுதப்பட்டதல்ல.

அறிக்கையை மூன்று முறை பாருங்கள்: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன், முந்தைய நாள் மாலை, வண்டியில் ஏறும் முன். பார்க்க வேண்டியது மாற்றத்தை. நிலை உயர்ந்திருக்கிறதா, வாய்க்கருகே ஆழமில்லாத அதிர்வுகள் கூடியிருக்கின்றனவா, புகையின் நிறமும் உயரமும் மாறியிருக்கிறதா, ஏரி நீரின் வெப்பமோ நிறமோ மாறியிருக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் அன்றைக்குத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். எரிமலைச் சுற்றுலாவில் பலரும் யோசிக்காத விஷயம் இது. எப்போது வெடிக்கும் என்று தெரியாத மலையில், வாயருகே நீங்கள் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தைக் கூட்டுகிறது. இரண்டு மணி நேரம் நிற்பவருக்குப் பத்து நிமிடம் நிற்பவரைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஆபத்து. விளிம்பில் உட்கார்ந்து சாப்பிடுவது, வெளிச்சம் வரட்டும் என்று காத்திருப்பது, பின்னால் வருபவர்களுக்காக நிற்பது எல்லாம் எந்தப் பயனும் இல்லாமல் வாங்கும் ஆபத்து. ஓய்வும் உணவும் உடை மாற்றமும் கீழே தொலைவில் நடக்கட்டும். மேலே போனால் பாருங்கள், படமெடுங்கள், திரும்புங்கள். பதினைந்து நிமிடம் என்று முன்பே பேசிவைத்துக் கைக்கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். அங்கே நின்றுகொண்டு எடுக்கும் முடிவு எப்போதும் 'இன்னும் கொஞ்சம்' என்றுதான் வரும்.

இனி வாயு. இஜெனில் அன்றாட ஆபத்து இதுதான். பெரும்பாலான பயணிகளை விளிம்பிலிருந்து இருமலோடு திரும்ப வைப்பது கந்தக டை ஆக்சைடு. தீக்குச்சி உரசியது போன்ற நெடி, கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு இதன் அடையாளங்கள். ஆரோக்கியமானவரைச் சில பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவு இருமத்தான் வைக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு அரை பி.பி.எம்.க்கும் குறைவே போதும். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே மூச்சுக்குழல் சுருங்கிவிடும். நோய் 'இலேசானது' என்பது இங்கே துணைக்கு வராது. ஜப்பானின் ஆசோ எரிமலையில் 1990-களில் பயணிகள் இந்த வாயுவால் இறந்த பிறகு வாயைச் சுற்றி அளவீட்டுக் கருவிகள் வைத்து, வாயு கூடினால் எல்லோரையும் வெளியேற்றுகிறார்கள். ஆஸ்துமா, மூச்சுக்குழல் நோய், இதய நோய் உள்ளவர்கள் அருகே போகவே அங்கு தடை. உங்கள் மனைவி விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதனால் நாற்றம் மட்டும் அடித்தால் பதற வேண்டாம். ஆனால் 100 பி.பி.எம். அளவில் அது மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடுகிறது. பலமாக அடித்துக்கொண்டிருந்த நாற்றம் சட்டென்று நின்றுபோனால், காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே வெளியேறுங்கள்.

கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. காற்றை விட ஒன்றரை மடங்கு கனமானதால் பள்ளங்களில் தேங்கும், காற்றடிக்காத குளிர்ந்த இரவுகளில் இன்னும் அதிகமாக. மத்திய ஜாவாவின் தியெங் மேட்டுநிலத்தில் 1979 பிப்ரவரியில் ஊரை விட்டு ஓடியவர்கள் வழியில் தேங்கிக் கிடந்த வாயுவுக்குள் நடந்து போய் 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிமலைப் பகுதியில் குழியிலோ தாழ்ந்த இடத்திலோ உட்காராதீர்கள், படுக்காதீர்கள். பறவைகளோ பூச்சிகளோ செத்துக் கிடக்கும் பள்ளத்தைச் சுற்றிப் போங்கள். குழந்தையின் மூக்கு தரைக்கு அருகில் இருப்பதால் பாதிப்பு முதலில் அவளுக்குத்தான் வரும். யாராவது குழிக்குள் சாய்ந்துவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். இத்தாலியின் போட்சுவோலியில் உள்ள சொல்ஃபதாராவில் 2017 செப்டம்பரில் மகன் குழியில் விழுந்தான். காப்பாற்றப் போன தாயும் தந்தையும் அவனோடு இறந்தார்கள். கயிறோ நீண்ட கம்போ இருந்தால் மேலிருந்தே இழுக்க முயலுங்கள். இல்லையென்றால் ஆட்களைக் கூப்பிடுங்கள். சொல்வதற்குக் கடினமான அறிவுரைதான், ஆனால் அந்த நிமிடத்தில் யோசிக்க நேரம் இருக்காது என்பதால் இப்போதே மூவரும் பேசிவையுங்கள்.

மாஸ்க் விஷயத்தில்தான் அதிக ஏமாற்றம் நடக்கிறது. துணி, அறுவை சிகிச்சை மாஸ்க், என்95 எல்லாம் சாம்பலைத்தான் தடுக்கும். வாயு நேராக உள்ளே வரும். வேண்டியது மூக்கையும் வாயையும் மூடும் சிலிக்கான் அரைமுக மாஸ்க், அதில் கந்தக டை ஆக்சைடு போன்ற அமில வாயுவை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ், அதோடு தூசி வடிகட்டி. கார்ட்ரிட்ஜின் நிறப்பட்டையைப் பாருங்கள், ஆனால் எந்த நாட்டு முறை என்பதையும் பாருங்கள். அமெரிக்க முறையில் வெள்ளைப் பட்டை அமில வாயுவுக்கு. ஐரோப்பிய முறையில் அதே வெள்ளை தூசிக்கு மட்டும். இந்தக் குழப்பத்தில் தூசி வடிகட்டியை வாயு மாஸ்க் என்று நம்பிப் போனவர்கள் உண்டு. ஐரோப்பிய முறையில் கந்தக டை ஆக்சைடுக்கு மஞ்சள், ஹைட்ரஜன் சல்பைடு போன்றவற்றுக்குச் சாம்பல் நிறம். அமெரிக்க முறையில் மஞ்சள் என்றால் அமில வாயுவும் கரிம ஆவியும் சேர்ந்தது. இரண்டு முறையிலும் மஞ்சள் உங்களுக்கு உதவும். பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் (ஐரோப்பிய முறையில் பழுப்பு, அமெரிக்க முறையில் கறுப்பு) கந்தக வாயுவுக்கு ஆகாது.

வாடகை மாஸ்க்கில் இன்னொரு சிக்கல். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கரி தீர்ந்துபோனது வெளியே தெரியாது. உறையைப் பிரித்த நாளிலிருந்தே அது காற்றின் ஈரத்தையும் வாயுவையும் உறிஞ்சத் தொடங்கிவிடும். பல மாதங்களாகப் பலர் தலையில் மாறிமாறி ஏறிய மாஸ்க்கில் எவ்வளவு மிச்சம் என்று கொடுப்பவருக்கே தெரியாது. இறங்குவதாக இருந்தால் உறை பிரிக்காத, காலாவதியாகாத கார்ட்ரிட்ஜைச் சொந்தமாக எடுத்துப் போங்கள்.

அறையிலேயே பொருத்திப் பாருங்கள். இரண்டு கார்ட்ரிட்ஜையும் உள்ளங்கையால் மூடி மெல்ல மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டிப் பத்து விநாடி அப்படியே நிற்க வேண்டும். பிறகு மூச்சு வெளியேறும் வால்வை மூடி மெல்ல ஊதுங்கள். ஓரத்தில் எங்காவது காற்று கசிந்தால் பட்டையைச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் அடைக்காது, மழித்துவிட்டுப் போங்கள். மகள் இறங்க வேண்டாம் என்றதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்த மாஸ்க்குகள் வேலைக்குப் போகும் பெரியவர்களின் முகத்துக்காகச் செய்தவை. சின்ன முகத்தில் கன்னத்தோரம் இடைவெளி விழும். பட்டையை இறுக்கினால் அடைத்ததுபோல் தெரியும், ஆனால் பேசும்போதும் குனியும்போதும் கசியும்.

சரியாகப் பொருந்திய மாஸ்க்கும் கரியமில வாயுவைத் தடுக்காது, ஆக்சிஜன் தராது. மூச்சிழுக்கும் சிரமத்தையும் கூட்டுகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது தனிச் சுமை. வாயுவுக்கு நடுவே மூச்சுத் திணறினால் இன்ஹேலரைப் பயன்படுத்த மாஸ்க்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும், கழற்றினால் அடுத்த மூச்சிலேயே வாயு உள்ளே போகும். ஆகவே இன்ஹேலர், வாயுவிலிருந்து வெளியே வந்த பிறகு பயன்படுத்த வேண்டிய மருந்து. உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டாக அதை நினைக்க வேண்டாம். மனைவி விளிம்பு வரை வருவதாக இருந்தாலும் கிளம்பும் முன் அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். இன்ஹேலரைப் பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். குளிரில் அதன் பீய்ச்சல் குறையும். இஜெனில் ஏற உடல்நலச் சான்றும் கேட்கிறார்கள். அதைப் பெறும்போது ஆஸ்துமாவை மறைக்காதீர்கள்.

நீங்கள் ஒருவர் மட்டும் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். பல்துடிங் முகாம் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 3 கி.மீ. ஏற்றம், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். விளிம்பு ஏறத்தாழ 2,400 மீட்டர். விளிம்புக்கு வந்ததும் உடனே இறங்காமல், காற்றோட்டமான இடத்தில் ஐந்து நிமிடம் நின்று புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பாதையின் மீது சாய்ந்தால் இறங்க வேண்டாம். ஏரிக்கு அந்தப் பக்கம் போனால் இறங்கலாம், ஆனால் காற்று திரும்ப ஒரு நிமிடம் போதும். சிறிய வாயு அளவி வைத்திருக்கும் வழிகாட்டி கிடைத்தால் அவரோடு போங்கள். கந்தக டை ஆக்சைடுக்குத் தொழிற்கூடங்களில் 15 நிமிடத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 5 பி.பி.எம்.; அதைத் தாண்டினால் பேச்சில்லாமல் திரும்புங்கள். கீழே வாயு திடீரெனக் கூடினால், புகை வரும் திசைக்குக் குறுக்காக விலகி, மேடான இடம் பார்த்து ஏறுங்கள். 2018 மார்ச்சில் இஜெனிலிருந்து வாயு பீறிட்டபோது அருகில் வசிப்பவர்களே பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

நீல நெருப்பு, லாவா (வெளியே வந்து ஓடும் பாறைக் குழம்பு) அல்ல. விரிசலிலிருந்து சூடாக வெளிவரும் கந்தக வாயு காற்றுப் பட்டதும் தீப்பிடித்து எரிகிறது. எரியும்போது உண்டாவதும் அதே கந்தக டை ஆக்சைடுதான். அதாவது நெருப்பு மிக அழகாகத் தெரியும் இடமே வாயு மிக அதிகமாக இருக்கும் இடம். ஏரி நீரைத் தொடாதீர்கள், அதன் பி.எச். (குறையக் குறைய அமிலம் கடுமையாகும் அளவுகோல்) 0.5-க்கும் கீழே, மின்கல அமிலத்துக்கு நெருக்கமான வீரியம். பாதையில் 70, 80 கிலோ கந்தகத்தைத் தோளில் சுமந்து வரும் தொழிலாளர்களுக்கு மலைச்சரிவுப் பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள். அவர்களில் பலர் மாஸ்க் இல்லாமல் போவதைப் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம். அந்த வாயு அவர்கள் பல்லையும் நுரையீரலையும் அரிக்கிறது, பிழைப்புக்காகத் தாங்கிக்கொள்கிறார்கள். விளிம்பில் படம் எடுக்கும்போது பின்னோக்கி நடக்காதீர்கள். 2024 ஏப்ரலில் ஒரு பயணி அங்கே படத்துக்கு நிற்கும்போது விழுந்து இறந்தார்.

உடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அடி கெட்டியான கணுக்கால் பூட்ஸ், நீளக்கை சட்டை, குளிருக்கு ஒரு மேலடுக்கு, கையுறை, மலையேற்ற ஹெல்மெட், தலையில் மாட்டும் விளக்கு, மாற்று பேட்டரி, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். கண்ணுக்குக் காற்றுத் துளை இல்லாத காகிள்ஸ். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், சாம்பல் துகள் அதன் அடியில் சிக்கினால் கருவிழியைக் கீறும். எரிமலைச் சாம்பல் நொறுங்கிய கண்ணாடியும் பாறையும்தான். கேமரா லென்ஸில் படிந்தால் துடைக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள்.

தலைவலியும் குமட்டலும் வந்தால் வாயுவாலா உயரத்தாலா என்று அங்கே நின்று ஆராய வேண்டாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: புகையிலிருந்து விலகி, பிறகு கீழே இறங்குவது. இஜெனில் உயரம் பெரிய பிரச்சினை இல்லை. கோதொபாக்சி, கிளிமஞ்சாரோ போல ஏறத்தாழ 5,900 மீட்டர் மலைகளுக்குப் போகும் நாளில் அது முதல் பிரச்சினையாகிவிடும்.

நீங்கள் நிற்கும்போது வெடித்தால்? படம் எடுக்காதீர்கள். அந்த முதல் சில விநாடிகள்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம். ஒன்டாகேயில் பெரும்பாலானோரைக் கொன்றவை வானத்திலிருந்து விழுந்த கற்கள். முதுகைக் காட்டி ஓடினால் வரும் கல் தெரியாது. கற்கள் ஒன்றிரண்டாக வந்தால் மேலே பார்த்து, வந்து விழப்போகும் கல்லிலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள். மழையாகக் கொட்டினால் பெரிய பாறையின் மறுபக்கம், அதாவது எரிமலை வாய்க்கு எதிர்ப்பக்கம் ஒடுங்கி, முதுகுப்பையைத் தலைக்கும் கழுத்துக்கும் மேலே பிடியுங்கள். ஹெல்மெட் சிறு கற்களுக்கும் தடுக்கி விழுவதற்கும் உதவும். பெரிய பாறையைத் தாங்காது. கட்டடம் அருகில் இருந்தால் அதற்குள் போங்கள். ஒன்டாகேயில் மலைக் குடில்களுக்குள் புகுந்தவர்கள் பலர் தப்பினார்கள், பிறகு அங்கே கான்கிரீட் மறைவிடங்களும் கட்டினார்கள். கற்கள் குறைந்த இடைவெளியில் கீழ்நோக்கி நகருங்கள். சாம்பல் வந்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டாகும், விளக்கைப் போட்டு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது பள்ளத்தாக்கையும் ஓடைப் படுகையையும் தவிர்த்து முகட்டின் மீது போங்கள். சாம்பலும் வாயுவும் கலந்த அனல் மேகம் பள்ளத்தாக்கு வழியாக மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில், பல நூறு டிகிரி சூட்டோடு வரும். அதை யாராலும் ஓடி முந்த முடியாது. ஜப்பானின் உன்செனில் 1991 ஜூன் 3 அன்று அதில் சிக்கி இறந்த 43 பேரில் எரிமலைகளை நன்கறிந்த ஆய்வாளர்களும் இருந்தார்கள். மழைக்காலத்தில் அதே ஓடைகளில் சாம்பல் சேறாகி வெள்ளமாக வரும். எரிமலை அமைதியாக இருக்கும்போதும் இது நடக்கும். மேலே எங்கோ மழை பெய்து, ஓடையில் பாறைகள் உருளும் உறுமல் கேட்டால் பாலத்தில் நின்று பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

செந்நிறக் குழம்பைக் காணும் ஆசைக்கு இஜெனும் புரோமோவும் ஏற்ற இடங்கள் அல்ல. ஹவாயின் கீலவேயாவில் 2024 டிசம்பர் 23 முதல் லாவா ஊற்றுகள் விட்டுவிட்டு எழத் தொடங்கின. சில மணி நேரம் பொங்கும், பிறகு நாட்கணக்கில் அடங்கும். அங்கே வாய் விளிம்பைச் சுற்றித் தேசியப் பூங்கா அமைத்த பார்வை மேடைகள் இருக்கின்றன. ஆனால் தேதி குறித்து டிக்கெட் எடுத்தால் ஏமாற்றம் வரலாம், நாட்களைத் தளர்வாக வைக்க வேண்டும். இத்தாலியின் ஸ்ட்ரொம்போலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிறிதாக வெடித்துக்கொண்டே இருப்பதால் போனவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். 2019 ஜூலை 3-இல் பெரிய வெடிப்பில் ஒருவர் இறந்தபின் மேலே ஏறுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன; இரவில் படகிலிருந்து பார்ப்பதே அழகாகவும் இருக்கும். குவாத்தமாலாவில் 3,976 மீட்டர் அகாதெனாங்கோவின் சரிவில் தங்கி எதிரே ஃபியூகோ வெடிப்பதைப் பார்க்கலாம். ஒரு மலையில் நின்று வேறொரு மலையைப் பார்ப்பது என்ற இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் ஃபியூகோவின் முகடு வரை நடத்திக் கூட்டிப்போகிறோம் என்று கூடுதலாகக் கேட்பார்கள், அதற்கு இணங்காதீர்கள்.

லாவாவின் சூடு 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ். சமதளத்தில் மெதுவாக நகரும் என்பதால் பலர் நெருங்கிவிடுகிறார்கள். கறுத்து ஆறியதாகத் தெரியும் மேலோட்டின் கீழே குழம்பு ஓடிக்கொண்டிருக்கலாம். ஆகவே புதிய லாவா மீது கால் வைக்காதீர்கள். பனியோ கடலோ சேரும் இடம் இன்னும் மோசம். 2017 மார்ச்சில் இத்தாலியின் எட்னா எரிமலையில் லாவா பனியின் மீது ஏறியபோது வெடித்துப் பத்துப் பேர் அளவில் காயம்பட்டார்கள். 2018 ஜூலையில் ஹவாயில் லாவா கடலில் விழுவதைக் காட்டப்போன படகின் கூரையைக் குழம்புக் கட்டி துளைத்து 23 பேர் காயமடைந்தார்கள்.

பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது சும்மா விடுங்கள். சாம்பல் ஜெட் எஞ்சினுக்குள் உருகிக் கண்ணாடியாகப் படிந்துவிடும் என்பதால் விமான நிறுவனங்கள் சாம்பல் மேகத்தைக் கண்டால் பறப்பதில்லை. 2024 நவம்பரில் புளோரஸ் தீவின் லெவொதோபி வெடித்தபோது பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலியில் விமானங்கள் ரத்தாயின. காப்பீட்டில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: மலையேற்றத்துக்கு உயர வரம்பு இருக்கிறதா, எரிமலையால் பயணம் ரத்தானால் ஈடு உண்டா, தடைசெய்த பகுதிக்குள் நுழைந்தால் காப்பீடு செல்லுமா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் 'செல்லாது' என்றே பதில் இருக்கும். புரோமோவின் 1 கி.மீ. வட்டமும் அதில் சேரலாம்.

பணம் கட்டும் முன் உங்கள் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்றைய அறிவிப்பில் எத்தனை மீட்டருக்குள் போகத் தடை, நீங்கள் எங்களைக் கூட்டிப்போகும் இடம் அந்த வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா? வழிகாட்டியிடம் வாயு அளவி உண்டா? மாஸ்க் கார்ட்ரிட்ஜ் எந்த வகை, உறை எப்போது பிரித்தது? காற்று பாதகமாக இருந்தால் திரும்பும் முடிவை யார் எடுப்பார்? பாதியில் திரும்பினாலும் முழுக் கட்டணமா, வேறு நாள் தருவீர்களா? திரும்புவதால் தனக்கு நட்டம் என்றால் வழிகாட்டி திரும்பத் தயங்குவார் என்பதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பதில்கள் மழுப்பலாக வந்தால் இஜெனுக்கு வேறு ஆளைப் பாருங்கள். புரோமோவுக்கு எதிரே பெனஞ்சாகானில் சூரிய உதயம் பார்க்க ஒரு ஜீப்பும் கம்பளிச் சட்டையும் இருந்தால் போதும்.